600-க்கு எவ்வளவு?

பிளஸ் டூ முடிவு வரும் காலையில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்த ஊருக்குப் போனாலும் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "600-க்கு எவ்வளவு?" டீக்கடையில் கேட்பார்கள், பால் சொசைட்டியில் கேட்பார்கள், பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் மாமா போனில் கேட்பார். 540 என்றால் அப்பா முகம் மலரும். 480 என்றால் "பரவால்ல, பாஸ்தானே" என்று பக்கத்து வீட்டார் தேற்றுவார்கள். மதியத்துக்குள் ஊரே அந்த எண்ணை வைத்துப் பிள்ளைக்கு ஒரு விலை போட்டுவிடும். ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, நர்சிங், அரசு கலைக் கல்லூரி என்று எந்தக் கவுன்சிலிங்கிலும் அந்த 600-ஐ அப்படியே எடுத்து ரேங்க் போடுவதில்லை. 2019-ல் பிளஸ் டூ மொத்தம் 1200 என்பது 600 ஆனது. அப்போதும் கேள்வி மாறவில்லை, தொகைதான் பாதியானது.

இதில் பெற்றோர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் கூட்டம் போட்டால் மாவட்டத்தின் தேர்ச்சி சதவீதத்தைப் பேசுவார்கள், பள்ளியின் முதல் மூன்று இடங்களைப் பேசுவார்கள், "வீட்ல டிவி போடாதீங்க, நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எந்தப் பாடத்தின் மதிப்பெண் எங்கே செல்லும் என்று யாரும் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்வதில்லை. சொன்னால் புரியாதவர்களா இவர்கள்? பாலக்கோடு தக்காளி மண்டியில் காலை ஏலத்தில் பெட்டி விலை, கமிஷன், வண்டி வாடகை எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போட்டு முடிப்பவர்கள். கட்-ஆஃப், அதாவது ஒரு படிப்புக்கு வேண்டிய பாடங்களின் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துப் போடும் கணக்கு, அதைவிடச் சுலபம்.

ஆறு கூடை

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு இதை அவர் தொழிலை வைத்தே சொல்லிவிடலாம். ஆறு கூடை மாங்காய் இருக்கிறது. ஒன்றில் பெங்களூரா, ஒன்றில் செந்தூரா, ஒன்றில் மல்கோவா. ஆறையும் ஒரே தராசில் கொட்டி "மொத்தம் இத்தனை கிலோ" என்று யாரும் விற்க மாட்டார்கள். கூழ் ஆலைக்காரர் பெங்களூராவைத்தான் கேட்பார். பழக்கடைக்காரருக்கு வேறு கூடை வேண்டும். பிளஸ் டூவில் இருக்கும் ஆறு பாடமும் அந்த ஆறு கூடைதான். ஒவ்வொரு கவுன்சிலிங்கும் தனக்கு வேண்டிய கூடையை மட்டும் எடுத்து எடை போடுகிறது.

பொறியியலுக்கு எடுத்துக்கொள்வது மூன்று பாடம். கணக்கு 100-க்கு 100 அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும், தலா 50. ஆகக் கட்-ஆஃப் 200-க்கு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. இப்போது பிளஸ் டூ மதிப்பெண்தான் அந்த நுழைவுத் தேர்வு. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்வோம். ஒருத்தி தமிழ் 97, ஆங்கிலம் 95, இயற்பியல் 82, வேதியியல் 84, கணக்கு 84, கணினி அறிவியல் 98. மொத்தம் 540. இன்னொருவன் தமிழ் 80, ஆங்கிலம் 72, இயற்பியல் 92, வேதியியல் 93, கணக்கு 95, கணினி அறிவியல் 88. மொத்தம் 520. ஊர் 540-க்குக் கை தட்டும். கட்-ஆஃப் போட்டால் அவளுக்கு 84 + 41 + 42 = 167. அவனுக்கு 95 + 46 + 46.5 = 187.5. இருபது மார்க் குறைவாக வாங்கியவன் இருபது கட்-ஆஃப் மேலே நிற்கிறான். ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால், சமமானால் முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல், இப்படியே போய்க் கடைசியில் பிறந்த தேதி, ரேண்டம் எண் வரை இறங்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதிலும் தெளிவு வரும். கணக்கில் ஒரு மார்க் ஏறினால் கட்-ஆஃப் முழு ஒன்று ஏறும். இயற்பியலில் ஏறினால் அரைதான். பொறியியல் போகப்போகிற பிள்ளைக்குத் தமிழில் இரண்டு மார்க் குறைந்துவிட்டது என்று விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டுவதைவிட, கணக்குத் தாளுக்குக் கட்டலாம். மறுமதிப்பீடு வேண்டுமானால் முதலில் நகல் வாங்க வேண்டும். அந்தத் தேதி முடிவு வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும், விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான்.

மற்ற கூடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நர்சிங், பி.பார்ம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அரசு கலைக் கல்லூரியில் மொழிப்பாடங்களை விட்டு மீதி நான்கு பாடங்களை 400-க்குப் பார்ப்பார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். அதனால் மொழிப்பாடம் வீண் என்று பிள்ளையிடம் சொல்லிவிடக் கூடாது. ஆறு பாடத்திலும் 35 எடுத்தால்தான் தேர்ச்சி. செய்முறை உள்ள பாடம் என்றால் 70-க்கு எழுதும் தாளில் மட்டுமே குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறைக்கு 20-ம் அகமதிப்பீட்டுக்கு 10-ம் முழுசாக வந்துவிட்டன என்று தைரியமாக இருந்து, தாளில் 14 எடுத்துத் தோற்ற பிள்ளைகள் உண்டு. கூட்டினால் 44 வரும், ஆனாலும் தோல்விதான். அப்படியே தோற்றாலும் ஒரு வருடம் போகாது. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும், தேறியதும் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். முடிவு வந்த அன்றைக்கு வீட்டில் யாராவது ஒருவர் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

வெள்ளைக் கோட்டு என்றாலே நீட் இல்லை

நம் பக்கத்தில் நிறைந்திருக்கும் ஒரு குழப்பம், ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்பு எதுவானாலும் நீட் வேண்டும் என்பது. எம்பிபிஎஸ், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி இவற்றுக்கு நீட் கட்டாயம். பி.எஸ்சி நர்சிங், பி.பார்ம், லேப் சம்பந்தப்பட்ட துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதும். கால்நடை மருத்துவத்திலும் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூதான், அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் நீட். "நீட் வரல, அதனால பி.காம் போட்டுட்டோம்" என்று சொல்லும் வீடுகளில் பாதிப் பேர் இந்த வரிசையைக் கேள்விப்பட்டதே இல்லை.

நீட் தாளில் 180 கேள்வி, மொத்தம் 720 மார்க். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு 1 கழியும், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. 100 சரி, 50 தப்பு, 30 விட்டது என்றால் 400-ல் 50 போக 350. நேரம் மூன்று மணி, அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். தமிழில் எழுதலாம். தமிழ் என்று விண்ணப்பத்தில் குறித்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வரிதான் செல்லும். அதனால் தமிழ்வழிப் பிள்ளையும் கேள்வியின் ஆங்கில வரியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் பழக வேண்டும்.

பெற்றோருக்கு நன்றாகப் புரிய வைக்க வேண்டியது "நீட் பாஸ்" என்ற சொல். நீட்டில் தகுதி என்பது பர்சன்டைல் கணக்கு. எழுதியவர்கள் 100 பேர் என்றால் உன் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் பர்சன்டைல். பொதுப் பிரிவுக்கு 50, ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 40. அதற்கு மேல் வந்தால் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். அரசுக் கல்லூரி இடம் கிடைப்பது அதைவிட எத்தனையோ மடங்கு மேலே. இந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் போன் வரும்: "உங்க பொண்ணு நீட் பாஸாயிருக்கு, சீட் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க." எம்பிபிஎஸ் இடம் எந்தக் கல்லூரியிலும் கவுன்சிலிங் வழியாகத்தான், நிர்வாக ஒதுக்கீடும் உட்பட. போனில் வரும் இடம் இடமே இல்லை. அதை நம்பிப் புளியந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். நீட், ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான தேர்வு) போன்ற மத்தியத் தேர்வுகளில் பிசி, எம்பிசி என்ற கட்டம் இருக்காது. ஓபிசி என்று இருக்கும். அதற்கு நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது, ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக எடுக்க வேண்டும். மாநிலக் கவுன்சிலிங்குக்குப் பழைய பிசி, எம்பிசி சான்றிதழே செல்லும். இரண்டும் கோப்பில் இருக்கட்டும்.

ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை நடக்கும், இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள். தமிழிலும் எழுதலாம். ஐஐடிக்கு அடுத்த கட்டமாக எழுதும் அட்வான்ஸ்ட் தேர்வுக்குத் தமிழ் கிடையாது. திருச்சி என்ஐடியில் பாதி இடம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஆனால் ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு இறுதியிலேயே முடிந்துவிடும். அரையாண்டுத் தேர்வுப் பரபரப்பில் அந்தத் தேதி போய்விட்டால் ஏப்ரல் தேர்வு ஒன்றுதான் மிச்சம்.

இங்கே ஒரு கவலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் நீட்டும் ஜேஇஇயும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. பொதுத் தேர்வு இல்லை என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் பாடத்தை நடத்தத் தொடங்கும் பள்ளி, பிள்ளையின் பாதிக் கதவைச் சாத்துகிறது. "லெவன்த் புக் எந்தப் பாடம் வரைக்கும் முடிஞ்சிருக்கு?" என்று டிசம்பரில் ஒருமுறை பள்ளியில் கேட்கப் பெற்றோருக்கு எல்லா உரிமையும் உண்டு.

அந்த இரண்டு நாள்

பெற்றோர் அதிகம் பயப்படுவது தேர்வு நாளுக்கு. நல்ல கட்-ஆஃப் வாங்கிய பிள்ளை இடத்தைக் கோட்டைவிடுவது தேர்வில் இல்லை, அதற்குப் பல வாரம் கழித்துப் பொறியியல் கவுன்சிலிங்கில் தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்யக் கொடுக்கும் இரண்டு நாளில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கவுன்சிலிங் முழுக்க இணையத்தில்தான். ரேங்க் வந்ததும் சுற்று சுற்றாக அழைப்பார்கள். நம் சுற்று வந்தால் கல்லூரியையும் பாடப்பிரிவையும் சேர்த்து வரிசையாகப் பட்டியல் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கணினி முதல் வரியிலிருந்து இறங்கி வரும், நம் ரேங்குக்கு எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்து நின்றுவிடும். அதனால் வரிசை என்பது ஆசையின் வரிசையாக இருக்க வேண்டும். "பர்கூர் கவர்மெண்ட் காலேஜ் கிடைக்குமோ என்னமோ, எதுக்கும் நிச்சயமா கிடைக்கிறதை முதல்ல போடு" என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. நிச்சயமாகக் கிடைப்பதை முதலில் போட்டால் அதுதான் நிச்சயமாகக் கிடைக்கும், பர்கூரோ செட்டிக்கரையோ கிடைத்திருந்தாலும் கணினி அங்கே போகவே போகாது. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருப்பதால் பெயரைப் பார்க்காமல் கல்லூரி எண்ணைப் பார்த்துப் போட வேண்டும்.

பட்டியல் பூட்டிய பிறகு தற்காலிக ஒதுக்கீடு வரும். பலர் அதைப் பார்த்ததும் "சீட் கிடைச்சிருச்சு" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். கிடைக்கவில்லை, காட்டியிருக்கிறார்கள். உள்ளே போய் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையே ஏற்றுச் சேர்கிறேன் என்பது ஒன்று. இதை ஏற்கிறேன், பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள் என்பது இரண்டு. இது வேண்டாம், மேலே உள்ளது காலியானால் மட்டும் கொடுங்கள் என்பது மூன்று. இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பது நான்கு. விலகிக்கொள்கிறேன் என்பது ஐந்து. இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் இரண்டில் கையில் ஒரு இடம் இருக்கும், மூன்றில் கை காலி. கிராமத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருந்துவது ஒன்றோ இரண்டோதான். இரண்டைத் தேர்ந்தால் உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்ட வேண்டும். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் இடமும் போகும், அந்தக் கவுன்சிலிங்கும் போகும்.

எப்படிப் போகிறது என்றால், விண்ணப்பம் போட்டது பிரவுசிங் சென்டரில். செல்போன் எண் கேட்டபோது அப்பா பெங்களூரில் இருந்தார், ஓடிபி வாங்கிச் சொல்ல நேரமாகும் என்று கடைக்காரர் தன் எண்ணையே போட்டார். மின்னஞ்சலும் அவருடையது. பாஸ்வேர்டு அவர் கடை நோட்டில் இருக்கிறது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஒரு நாளைக்கு அறுபது பேருக்குப் போடுகிறார், அவசரம். ஒதுக்கீடு வந்த குறுஞ்செய்தி அவர் போனில் அறுபது செய்திகளுக்கு நடுவில் கிடக்கிறது. இங்கே மாங்காய் சீசனின் கடைசி அறுவடை, வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மூன்றாம் நாள் போய்க் கேட்டால் பக்கம் மூடியிருக்கிறது. ஒரு பிள்ளையின் இரண்டு வருடப் படிப்பு பத்து இலக்க எண் ஒன்றில் தொங்குவதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் அது நம் எல்லோர் தவறும்தான்.

எண் வீட்டிலேயே இருக்கிற ஒருவருடையதாக இருக்கட்டும். அம்மாவின் சாதாரண போன் போதும், ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு எண், பாஸ்வேர்டு, மின்னஞ்சல், அதன் பாஸ்வேர்டு நான்கையும் பிள்ளை கையாலேயே எழுதி வாங்குங்கள். தினக் காலண்டரின் பின்அட்டையில் எழுதிய வீடுகளில் அது தொலைந்ததே இல்லை. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் அசல்களை ஒதுக்கீடு உறுதியாகும் வரை எந்தக் கல்லூரி ஆளிடமும் கொடுக்காதீர்கள். "சும்மா வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுக்கப் பணம் கேட்கும் இடங்கள் உண்டு.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை விண்ணப்பத்திலேயே ஏற்றிவிட வேண்டும். கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கல்விக் கட்டணச் சலுகை, நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது. பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். அப்பா பெயர் ஆதாரில் மாதையன், சாதிச் சான்றிதழில் மாதப்பன், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் "எம்" என்று மூன்று விதமாக இருந்தால் ஒவ்வொரு சரிபார்ப்பிலும் நிறுத்துவார்கள். பத்தாம் வகுப்பில் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நிமிடத்தில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

பெங்களூரில் படித்த இரண்டு வருடம்

நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சென்னையில் அச்சடிக்கும் வழிகாட்டிப் புத்தகங்களில் அது ஓரத்தில் ஒரு வரியாக இருக்கும். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து குடும்பமாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போவார்கள். பிள்ளை ஆறு, ஏழு வகுப்பை அங்கே ஏதோ பள்ளியில் படித்திருக்கும். எட்டாம் வகுப்புக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குத் திரும்பி, பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருக்கும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நிபந்தனை, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெங்களூரில் படித்த அந்த இரண்டு வருடத்தால் இந்தப் பிள்ளை 7.5-க்கு வெளியே போய்விடுகிறது. எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு வருடம் வெளிமாநிலத்தில் படித்திருந்தால் பொறியியல் கவுன்சிலிங்கில் கூடுதலாக இருப்பிடச் சான்றிதழும் கேட்பார்கள். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க நாளாகும், கவுன்சிலிங் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கைக்கு வராது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஜூனிலேயே வாங்கி வைக்கலாம்.

இழந்த 7.5-ஐப் பன்னிரண்டாம் வகுப்பில் யாரும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் பெற்றோர் கூட்டம் என்பதைப் பிளஸ் டூவில் போடுவதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது. போட வேண்டியது ஐந்தாம் வகுப்பு முடியும் ஏப்ரலில். வேலை தேடிப் போகிற குடும்பத்தைப் போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாது என்று அம்மா சொன்னால் அதுவும் நியாயம்தான். ஆனால் தெரிந்து முடிவெடுக்கட்டும். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் அப்பாவிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் தலைமையாசிரியர் இவ்வளவு சொன்னால் போதும்: "அண்ணா, ஒரு நிமிசம் உக்காருங்க. பையன் ஆறாவதுல இருந்து இங்க கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சா நாளைக்கு காலேஜ் ஃபீஸ் அரசாங்கமே கட்டுற மாதிரி ஒரு இடஒதுக்கீடு இருக்கு. அங்க போய் ஒரு வருசம் படிச்சாலும் அது போயிடும். பாட்டி வீட்ல விட முடியுமா, இல்ல நம்ம ஊர் ஹாஸ்டல்ல இடம் கேட்டுப் பாக்கலாமா? வீட்ல பேசிட்டு திங்கட்கிழமை வாங்க, டிசி எங்கயும் போயிடாது."